எல்லையில் விமானத்தைக் கைமாற்றுதல்: புதிய கன்ட்ரோலர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து இரவு 10 மணிக்கு மேல் புறப்பட்டு கோலாலம்பூர் போகும் விமானம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிரேட் நிகோபாருக்குக் கிழக்கே இகோகு என்ற புள்ளியைத் தொடும். என்571 வான்வழியில் சென்னையின் வான்வெளி அங்கே முடிந்து கோலாலம்பூரின் வான்வெளி தொடங்குகிறது. பயணிகளுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஆனால் அந்த விமானத்தை மற்ற விமானங்களிடமிருந்து பிரித்துவைக்கும் பொறுப்பு ஒரு நாட்டின் கன்ட்ரோலரிடமிருந்து இன்னொரு நாட்டின் கன்ட்ரோலருக்குப் போகும் இடம் அது. வான்வழிகளில் பறக்கும் விமானங்களைக் கவனிக்கும் ஏரியா கன்ட்ரோலில் புதிதாக அமரும் ஒருவர் முதலில் கற்கவேண்டிய வேலைகளில் இது முக்கியமானது. நடைமுறை சுலபமாகத் தெரியும். தவறுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

கைமாற்றம் என்பதை ஒரே நொடியில் நடக்கும் ஒரே செயல் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நான்கு விஷயங்கள் வெவ்வேறு நேரத்தில் கைமாறுகின்றன. விமானம் எப்போது, எந்த உயரத்தில் வரும் என்ற தகவல் முதலில் போகிறது. அதை அடுத்த சென்டர், அதாவது அடுத்த வான்வெளியைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையம், ஏற்றுக்கொள்வது இரண்டாவது. பைலட் ரேடியோ அலைவரிசையை மாற்றுவது மூன்றாவது. பொறுப்பு மாறுவது கடைசி. ரேடியோ மாறிவிட்டதால் பொறுப்பும் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். அனுப்பிய தகவல் ஏற்கப்பட்டுவிட்டது என்றும் எண்ணாதீர்கள். இந்த நான்கையும் மனதில் தனித்தனியாக வைத்திருப்பவருக்கு மற்றவை தானாக வரும்.

எல்.ஓ.ஏ.வைக் கையில் எடுங்கள்

உலகம் முழுவதற்குமான பொது விதிகள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், அதாவது ஐகாவோவின், 4444 எண் ஆவணத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டு குறிப்பிட்ட சென்டர்களுக்கு இடையே என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்வது அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கைக் கடிதம். அதைத்தான் எல்லோரும் எல்.ஓ.ஏ. என்கிறார்கள். பொது விதியில் பல இடங்களில் ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் தவிர’ என்று வரும். அந்த வேறு விதம் எல்.ஓ.ஏ.வில் இருக்கிறது.

ஒவ்வொரு அண்டை சென்டருக்கும் ஒரு எல்.ஓ.ஏ. உண்டு. சென்னைக்கு மும்பை, கொல்கத்தா, யாங்கோன், கோலாலம்பூர், கொழும்பு, மாலே எனப் பல அண்டை சென்டர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. படிக்கும்போது கீழே உள்ளவற்றை ஒரு அட்டையில் தனியே எழுதிக்கொள்ளுங்கள்:

- பொறுப்பு மாறும் புள்ளிகள், அவை எந்த வான்வழியில் உள்ளன
- ஒவ்வொரு வழியிலும் முன்கூட்டிக் கேட்காமலே கொடுக்கக்கூடிய லெவல்கள், அதாவது நூறு அடிக் கணக்கில் சொல்லும் பறக்கும் உயரங்கள் (350 என்றால் 35,000 அடி); இவற்றை ‘நோ பி.டி.சி.’ லெவல் என்பார்கள்
- அடுத்தடுத்து வரும் விமானங்களுக்கு இடையே எல்லையில் இருக்கவேண்டிய இடைவெளி
- எஸ்டிமேட்டை, அதாவது எல்லையை அடையும் நேரக் கணிப்பை, எத்தனை நிமிடம் முன்னதாகக் கொடுக்கவேண்டும்
- எத்தனை நிமிடம் மாறினால் திருத்தம் சொல்லவேண்டும்
- பைலட் பேசாவிட்டால் யார், எப்போது யாரை அழைக்கவேண்டும்
- சென்டர்களுக்கு இடையேயான தொலைபேசி லைன் செத்துப்போனால் அடுத்த வழி

வரைபடத்தில் உள்ள எல்லையும் பொறுப்பு மாறும் புள்ளியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. தென்சீனக் கடலில் சிங்கப்பூரின் வான்வெளியில் ஒரு பகுதியைக் கோலாலம்பூர் கவனிக்கிறது. அதனால்தான் இகாரி என்ற புள்ளியில் விமானங்களைக் கோலாலம்பூர் நேரடியாக வியட்நாமின் ஹோ சி மின் சென்டருக்குக் கைமாற்றுகிறது. வரைபடத்தை மட்டும் பார்த்து வேலை செய்பவர் இப்படிப்பட்ட இடங்களில் தவறான சென்டரை அழைப்பார்.

எஸ்டிமேட் கொடுப்பது

எல்லைப் புள்ளியை விமானம் அடையும் என்று கணித்த நேரமும் அதோடு சேர்ந்த தகவல்களும்தான் எஸ்டிமேட். ஹாட்லைனில் பேசிக் கொடுப்பதானால் அதற்கு ஒரு நிலையான வரிசை உண்டு: விமானத்தின் கால்சைன் (ரேடியோவில் அழைக்கும் பெயர்), ஸ்குவாக் கோடு (ரேடாரில் அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்), விமான வகை, எல்லைப் புள்ளி, நேரம், லெவல். தேவையானால் வேகம், அடுத்து வழி, கடைசியில் குறிப்பு. பயிற்சிக்காக ஒரு விமானத்துக்கு ‘ட்ரெய்னர் 472’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சென்னை கன்ட்ரோலர் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“கோலாலம்பூர், சென்னை. எஸ்டிமேட். ட்ரெய்னர் ஃபோர் செவன் டூ, ஸ்குவாக்கிங் டூ த்ரீ ஃபோர் ஒன், ஏர்பஸ் த்ரீ டூ ஒன், எஸ்டிமேட்டட் இகோகு ஒன் எய்ட் ஃபோர் டூ, ஃபிளைட் லெவல் த்ரீ ஃபைவ் ஸீரோ.”

வரிசையை மாற்றாதீர்கள். கேட்பவர் அதே வரிசையில்தான் ஸ்ட்ரிப்பில், அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் வைத்திருக்கும் குறிப்புத் துண்டில், கட்டம் கட்டமாக எழுதுகிறார். நேரத்துக்கு முன்னால் லெவலைச் சொன்னால் அவருடைய பேனா ஒரு கட்டம் தாவி மறுபடி பின்னால் வரவேண்டும். அந்தத் தாவலில் எண் மாறும்.

நேரம் எப்போதும் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில். மேலே சொன்ன 18:42 என்பது சென்னையில் மறுநாள் 00:12, மலேசியாவில் மறுநாள் 02:42. மூன்று கடிகாரங்கள், இரண்டு தேதிகள். உள்ளூர் நேரம் ஒரு வார்த்தையாகக்கூட ஹாட்லைனில் வரக்கூடாது.

லெவலைக் கொடுக்கும் முன் திசையைப் பாருங்கள். ஆர்.வி.எஸ்.எம். என்ற குறைக்கப்பட்ட செங்குத்து இடைவெளி வான்வெளியில், அதாவது ஃபிளைட் லெவல் 290 முதல் 410 வரை, செங்குத்து இடைவெளி 1,000 அடி. பொது விதிப்படி கிழக்குப் பக்கம் போகும் விமானத்துக்கு 330, 350, 370 போன்ற ஒற்றைப்படை லெவல். மேற்குப் பக்கம் போவதற்கு 320, 340, 360 போன்ற இரட்டைப்படை. கிழக்கே போகும் விமானத்துக்கு 340 என்று உங்கள் வாயில் வந்தால் நிறுத்தி ஸ்ட்ரிப்பை மறுபடி பாருங்கள். உண்மையிலேயே 340 தான் என்றால் அது விதிக்கு மாறான லெவல். அதைத் தனியாகச் சொல்லி, தனியாக ஒப்புதல் வாங்கவேண்டும்.

அடுத்தது ரீட்பேக். கேட்டவர் திருப்பிச் சொல்லும்போது உங்கள் கண் ஸ்ட்ரிப்பில் இருக்கட்டும், அடுத்த வேலையில் அல்ல. தவறான ரீட்பேக்கைக் கவனிக்காமல் “கரெக்ட்” என்று சொல்வது எஸ்டிமேட்டைத் தவறாகக் கொடுத்ததற்குச் சமம். 5-ஐயும் 9-ஐயும் குழப்பிக்கொள்வது பழைய வியாதி. ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என்று உச்சரிக்கச் சொல்லித்தருவது அதற்காகத்தான். இகோகு, இக்ரெக்ஸ் என்று அண்டையிலேயே ஒலி நெருங்கிய புள்ளிகளும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். ஐந்து விநாடிதான் ஆகும்.

ஏற்றுக்கொள்பவர் “நெகட்டிவ்” என்று சொல்லவும் உரிமை உண்டு. அதே நேரத்தில் அதே லெவலில் வேறொரு விமானம் அவரிடம் வந்துகொண்டிருக்கலாம். அப்போது அவர் மாற்று லெவல் ஒன்றைச் சொல்வார். அதைப் பைலட்டுக்குக் கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்ட பிறகே மறுபடி உறுதி சொல்லுங்கள். பைலட்டால் அந்த உயரத்துக்கு ஏற முடியாமல் இருக்கலாம். எரிபொருள் நிறைந்த கனமான விமானத்துக்கு 370 எட்டாது. முதலில் “சரி” என்று சொல்லிவிட்டுப் பிறகு பைலட்டைக் கேட்பது சிக்கலை நீங்களே தேடிக்கொள்வது.

திருத்தம்: எல்லாப் பிரச்சினையும் இங்கேதான்

எஸ்டிமேட்டைச் சரியாகக் கொடுப்பவர்கள்தான் பெரும்பாலோர். கொடுத்த பிறகு ஏதோ ஒன்று மாறுகிறது, அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வங்காள விரிகுடா வான்வெளியில் 300 அடி அல்லது அதற்கு மேற்பட்ட உயரப் பிறழ்வுகளைப் பதிவு செய்து ஆராயும் வேலையைப் பாங்காக்கில் உள்ள மார் என்ற அமைப்பு செய்கிறது. பக்கவாட்டு, முன்பின் பிறழ்வுகளைச் சென்னையிலிருந்து இயங்கும் போபாஸ்மா பார்க்கிறது. உயரப் பிறழ்வு வகைகளில் ‘ஈ’ என்ற வகை, சென்டர்களுக்கு இடையேயான ஒருங்கிணைப்பில் மனிதத் தவறால் வந்தவை. இந்தப் பகுதியில் பதிவாகும் பிறழ்வுகளில் பெரும்பங்கு இந்த வகைதான். விமானமும் கருவியும் சரியாக இருக்கும். பைலட்டும் சொன்னபடியே பறப்பார். அடுத்த சென்டருக்கு மட்டும் அவர் வேறு உயரத்தில் இருப்பதாகத் தெரியும்.

வழக்கமாக நடப்பது இது. 330-இல் எஸ்டிமேட் கொடுத்தாயிற்று, ஒப்புதலும் வந்தாயிற்று. இருபது நிமிடம் கழித்துப் பைலட் 350 கேட்கிறார். உங்கள் பகுதியில் இடம் இருக்கிறது, கொடுக்கிறீர்கள். அதே நிமிடத்தில் வேறு இரண்டு விமானங்கள் மேகத்தைச் சுற்றிப்போக அனுமதி கேட்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். ட்ரெய்னர் 472 இகோகுவைக் கடக்கிறது. கோலாலம்பூர் கன்ட்ரோலர் 330-க்குப் பாதை ஒதுக்கி வைத்திருக்கிறார். 350-இல் அவரிடம் வேறு விமானம் இருக்கலாம்.

இதற்கு ஒரே மருந்து பழக்கம். ஒப்புதல் வாங்கிய பிறகு லெவல் மாற்றம் கேட்டு வந்தால், பைலட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன்பே ஹாட்லைனை எடுங்கள். “ஸ்டாண்ட்பை” என்று பைலட்டிடம் சொல்வதில் தவறே இல்லை. அடுத்த சென்டர் ஏற்றுக்கொண்டபின் அனுமதி, அனுமதிக்குப் பின் ஸ்ட்ரிப்பில் பழைய லெவலைக் கோடிட்டு அடித்துப் புதியதை எழுதுவது. இந்த வரிசை தலைகீழானால் மறதிக்கு இடம் கிடைத்துவிடும்.

நேரத்துக்கும் இதே கதைதான். பொது விதிப்படி 3 நிமிடம் அல்லது அதற்கு மேல் மாறினால் திருத்தம் கொடுக்கவேண்டும், எல்.ஓ.ஏ. வேறு எண் சொன்னால் அது. 3 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 480 நாட் தரைவேகத்தில் விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் போகிறது. 3 நிமிடம் என்றால் 24 கடல் மைல். ரேடார் எட்டாத கடல்பகுதியில், தகுந்த கருவிகள் உள்ள விமானங்களுக்கு இடையே முன்பின் இடைவெளி 50 கடல் மைல். சொல்லப்படாத ஒரே ஒரு 3 நிமிடம் அதில் பாதியைத் தின்றுவிடுகிறது. முன்னால் போவது 3 நிமிடம் தாமதம், பின்னால் வருவது 3 நிமிடம் சீக்கிரம் என்றால் மிச்சம் 2 கடல் மைல்.

வேகமும் அப்படியே. பின்னால் வரும் விமானத்துக்கு மாக் 0.78 என்று கட்டுப்பாடு வைத்து இடைவெளியைக் காத்திருந்தால் அதை எஸ்டிமேட்டோடு சேர்த்துச் சொல்லவேண்டும். அது தெரியாத அடுத்த கன்ட்ரோலர் பைலட் கேட்டதும் வேகத்தைத் தளர்த்திவிடுவார்.

மழைக்காலத்தில் விரிகுடா முழுக்க இடிமேகம். பைலட் 40 கடல் மைல் வடக்கே ஒதுங்கினால் இகோகுவுக்குப் பதில் வேறு இடத்தில் எல்லையைக் கடப்பார். பக்கத்து வான்வழிக்கும் நெருங்குவார். ஒதுங்கும் தூரம், எந்தப் பக்கம், எப்போது வழிக்குத் திரும்புவார் என்ற மூன்றையும் அடுத்த சென்டருக்குச் சொல்லுங்கள். ஒதுங்கல் மூன்றாவது சென்டரின் வான்வெளியைத் தொடும் என்றால் அவர்களுக்கும் ஒரு அழைப்பு உண்டு.

ஏ.ஐ.டி.சி. இருக்கும் இடங்களில்

கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஏ.ஐ.டி.சி. என்று பெயர். ஹாட்லைனில் வாயால் சொன்னது இங்கே செய்தியாகப் போகிறது. முதலில் ஏ.பி.ஐ.: விமானம் வருகிறது என்று அடுத்த கணினிக்கு முன்னறிவிப்பு, இதனால் எதுவும் ஒப்புக்கொள்ளப்பட்டதாக ஆகாது. அடுத்து இ.எஸ்.டி.: இதுதான் எஸ்டிமேட். பதிலாக ஏ.சி.பி. வந்தால் ஏற்கப்பட்டது. லெவலோ நேரமோ மாற்றவேண்டுமானால் சி.டி.என். என்ற பேச்சுவார்த்தைச் செய்தி, அதற்கு ஏ.சி.பி. அல்லது ஆர்.இ.ஜே. கடைசியில் பொறுப்பைக் கொடுக்க டி.ஓ.சி., வாங்கிக்கொண்டதற்கு ஏ.ஓ.சி.

புதியவர்கள் ஏமாறும் இடம் எல்.ஏ.எம். ஒவ்வொரு செய்திக்கும் எதிர்முனைக் கணினி எல்.ஏ.எம். அனுப்பும். செய்தி வந்தது, இலக்கணம் சரியாக இருக்கிறது என்பதே அதன் பொருள். கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டார் என்பது அல்ல. திரையில் நிறம் மாறியதும் வேலை முடிந்ததென்று விட்டுவிடாமல், அந்த நிறம் எல்.ஏ.எம்.முக்கா ஏ.சி.பி.க்கா என்று உங்கள் யூனிட்டின் திரையில் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். எல்.ஆர்.எம். வந்தால் கணினிக்குப் புரியவில்லை. வழியில் ஒரு புள்ளி இரண்டு தரவுத்தளங்களிலும் வேறுபட்டிருப்பது போன்ற காரணம் இருக்கும். காரணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஹாட்லைனை எடுங்கள்.

எல்லைக்கு நெருக்கத்தில், அதாவது கடைசிச் சில நிமிடங்களில், செய்தி வழியாகப் பேரம் பேசவேண்டாம். வாயால் பேசுங்கள்.

ரேடியோவை மாற்றுவது

வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், எல்லையை அடையும் நேரத்துக்கு 5 நிமிடம் முன்னதாகப் பைலட்டை அடுத்த சென்டருக்கு மாற்றவேண்டும். சொல்லவேண்டியது மூன்று: “கான்டாக்ட்”, சென்டரின் பெயர், அலைவரிசை. பைலட் அலைவரிசையைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

2014 மார்ச் 8 அதிகாலையில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்.ஹெச். 370, 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் போய்க்கொண்டிருந்தது. இகாரி புள்ளிக்கான எஸ்டிமேட் 17:22 யூ.டி.சி. 17:19-க்குக் கோலாலம்பூர் கன்ட்ரோலர் ஹோ சி மின்னை 120.9-இல் அழைக்கச் சொன்னார். சில விநாடிகளில் வந்த பதில் “குட்நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ”. அலைவரிசை திருப்பிச் சொல்லப்படவில்லை. விமானம் ஹோ சி மின்னை அழைக்கவே இல்லை. இகாரியைக் கடந்த சற்று நேரத்தில், ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பான்டரின் அடையாளமும் திரையிலிருந்து போய்விட்டது. இரண்டு சென்டர்களுக்கும் இடையேயான எல்.ஓ.ஏ.வின்படி, எஸ்டிமேட்டுக்குப் பின் 5 நிமிடத்துக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் ஏற்றுக்கொள்ளும் சென்டர் அனுப்பிய சென்டருக்குச் சொல்லவேண்டும், அதாவது 17:27-க்குள். ஹோ சி மின் கோலாலம்பூரைக் கேட்டது 17:39-க்கு. அதன்பின் விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக விமான நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்த தகவலை வைத்துத் தேடியதில் மேலும் நேரம் போனது. அந்த இடம் கணினி கணித்துக் காட்டியது மட்டுமே. கம்போடியா திட்டமிட்ட வழியிலேயே இல்லை. உச்சகட்ட அபாய அறிவிப்பான டெட்ரெஸ்ஃபா வெளியானது 22:32-க்கு.

விமானத்துக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி. கைமாற்றம் கற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது அந்த 5 நிமிடக் கடிகாரம். ஏற்றுக்கொள்ளும் பக்கம் நீங்கள் இருந்தால், எஸ்டிமேட் நேரம் வந்ததும் ஸ்ட்ரிப்பைச் சற்று வெளியே இழுத்து வையுங்கள். மின்னணு ஸ்ட்ரிப்பானால் நினைவூட்டல் வையுங்கள். பைலட் அழைத்தபின்தான் அது உள்ளே போகவேண்டும். எல்.ஓ.ஏ. சொன்ன நிமிடம் கடந்தால் வெட்கப்படாமல் அழைத்துக் கேளுங்கள்: “அவர் இன்னும் வரவில்லை, உங்களிடம் இருக்கிறாரா?” பத்தில் ஒன்பது முறை பைலட் தவறான அலைவரிசையைத் திருப்பியிருப்பார், பழைய சென்டர் மறுபடி அனுப்பிவைக்கும். அனுப்பிய பக்கம் நீங்கள் இருந்தாலும், எல்லையைக் கடக்கும் வரை திரையில் அந்த அடையாளத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ரேடியோதான் போயிருக்கிறது, பொறுப்பு உங்களிடம் இருக்கிறது.

பொறுப்பு என்று சொன்னதால் இதையும் சேர்க்கவேண்டும். பைலட் உங்களிடம் வந்து பேசிவிட்டார், ஆனால் இன்னும் எல்லைக்கு வரவில்லை என்றால், அவருக்கு ஏற்றமோ இறக்கமோ திருப்பமோ கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அனுப்பிய சென்டரிடம் ‘ரிலீஸ்’ கேட்டு வாங்கவேண்டும். அவர்கள் இறங்குவதற்கு மட்டும் ரிலீஸ் கொடுத்தால் திருப்பக்கூடாது.

இரண்டு பக்கமும் ரேடார் உள்ள இடங்களில், உதாரணமாகச் சென்னைக்கும் மும்பைக்கும் இடையே உள்நாட்டு வழிகளில், வேலை இன்னும் வேகம். அடையாளம் கண்ட விமானத்தின் லேபிளைத் திரை வழியாகக் கொடுப்பார்கள். எதிர்ப்பக்கம் அது மினுக்கும். அவர் ஏற்றதும் ரேடியோவை மாற்றலாம். குறைந்தபட்ச இடைவெளி இங்கே 5 கடல் மைல் வரை இறங்கலாம், ஆனால் எல்லையில் எவ்வளவு வைக்கவேண்டும் என்பது எல்.ஓ.ஏ.வின் எண். அது எப்போதும் 5-ஐவிடத் தாராளமாகவே இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கடல்மேல் பேச்சு ரேடியோவுக்குப் பதில் சி.பி.டி.எல்.சி. என்ற எழுத்துச் செய்தி இணைப்பு இருந்தால், அந்த இணைப்பையும் கைமாற்றவேண்டும். அடுத்த சென்டர் யார் என்று விமானத்துக்குச் சொல்லும் என்.டி.ஏ. செய்தி முதலில், அதன்பிறகு அடுத்த சென்டரின் முகவரிக்கு விமானம் லாகான் செய்யும்படி சொல்லும் செய்தி, எல்லைக்கு குறைந்தது 30 நிமிடம் முன்னதாக. சென்னையின் முகவரி வி.ஓ.எம்.எஃப்., கோலாலம்பூரின் முகவரி டபிள்யூ.எம்.எஃப்.சி. எல்லைக்கு ஏறக்குறைய 5 நிமிடம் இருக்கும்போது பழைய சென்டர் ‘எண்ட் சர்வீஸ்’ அனுப்பி இணைப்பை விடும். அதற்கு முன் பதில் வராத செய்தி ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கேட்ட லெவலுக்குப் பதில் வராமலே இணைப்பு அறுந்தால், பைலட் எதை நம்பிப் பறக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. என்.டி.ஏ. போகாவிட்டால் தானாக மாறாது. பைலட்டைக் கையால் லாகான் செய்யச் சொல்லவேண்டியிருக்கும்.

வழக்கத்துக்கு மாறானவை

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொழும்பு போகும் விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள் எல்லை வந்துவிடும். எஸ்டிமேட் கொடுக்க எல்.ஓ.ஏ. கேட்கும் நிமிடங்களே பறக்கும் நேரத்தில் இருக்காது. இங்கே விமானம் ஓடுபாதைக்குப் போகும் முன்பே ‘அப்ரூவல் ரிக்வெஸ்ட்’ என்று அழைத்து, கணித்த புறப்பாட்டு நேரத்தையும் லெவலையும் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும், அதன்பிறகே கிளியரன்ஸ். புறப்பட்டதும் உண்மையான நேரத்தை உடனே சொல்லுங்கள்.

எல்லையில் விமானம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் என்றால் ஒரு லெவல் போதாது. எந்த லெவலுக்கு அனுமதி, எல்லையை எந்த லெவலில் அல்லது எதற்கு மேலே கடப்பார் என்ற இரண்டையும் கொடுங்கள். முடிந்தவரை சமமாகப் பறக்கும் விமானத்தைக் கைமாற்றுவதே மேல்.

ஆர்.வி.எஸ்.எம். தகுதி இல்லாத அரசு விமானங்கள் வந்தால் ‘நெகட்டிவ் ஆர்.வி.எஸ்.எம்.’ என்று வாயால் சொல்லவேண்டும். அவற்றுக்கு 1,000 அடி அல்ல, 2,000 அடி வேண்டும். சீன எல்லையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: அங்கே லெவல்கள் மீட்டரில்; 10,700 மீட்டர் என்றால் 35,100 அடி. அதை 350 என்று எழுதிக்கொள்ளக்கூடாது.

லைன் இறந்துபோனால்

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்வெளியைக் கவனித்தது ஜூரிச் சென்டர். மோதல் நெருங்குவதைப் பக்கத்து கார்ல்ஸ்ரூஹே சென்டர் திரையில் கண்டு அழைக்க முயன்றது. ஜூரிச்சில் பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று லைனும் பழுது. அழைப்பு சேரவே இல்லை.

ஷிஃப்ட் தொடங்கும்போது ஹாட்லைன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்பது இதற்காகத்தான். மாற்று லைனையும் சோதியுங்கள்; மாற்று வேலை செய்யவில்லை என்பது தேவைப்படும் நிமிடத்தில் தெரியக்கூடாது. ஹாட்லைன் போனால் சர்வதேசத் தொலைபேசி, செயற்கைக்கோள் தொலைபேசி, ஏ.எஃப்.டி.என். என்ற விமானத் துறைச் செய்தி வலையமைப்பு என்று எல்.ஓ.ஏ. ஒரு வரிசை வைத்திருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் வேறொரு சென்டர் மூலம் சொல்லி அனுப்பலாம்.  இந்த மாற்று வழிகளின் எண்கள் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும், கோப்பில் அல்ல. லைன் பழுதான நேரங்களில் விமானங்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுங்கள். புதிய லெவல் மாற்றங்களை முடிந்தவரை தவிருங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது

அடுத்த சென்டருக்குக் கொடுப்பதைப் போலவே, உங்கள் நாற்காலியில் உட்காரப்போகும் சக ஊழியருக்குக் கொடுப்பதும் கைமாற்றம்தான். 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் கோல் நிறுவனத்தின் 1907 எண் விமானமும் லெகசி என்ற சிறிய வணிக ஜெட்டும் 370-இல் மோதின. கோல் விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசியின் திட்டப்படி பிரசிலியாவைக் கடந்ததும் 360-க்கு வரவேண்டும். திரை தானாகவே திட்டமிட்ட 360-ஐக் காட்டத் தொடங்கியது. ஆனால் இறங்கச் சொல்லி யாரும் அனுமதி கொடுக்கவில்லை, விமானம் 370-இலேயே இருந்தது. சற்று நேரத்தில் அதன் டிரான்ஸ்பான்டரும் நின்றது. பணி முடிந்து எழுந்த கன்ட்ரோலர் அடுத்தவரிடம் சொன்னது 360. அடுத்த சென்டருக்குப் போனதும் 360.

ஆகவே பணி மாற்றிக்கொடுக்கும்போது திட்டத்தில் உள்ள லெவலைச் சொல்லாதீர்கள். விமானம் இருக்கும் லெவல், நீங்கள் அனுமதித்த லெவல், அடுத்த சென்டர் ஏற்றுக்கொண்ட லெவல் என்ற மூன்றையும் ஒவ்வொரு எல்லை விமானத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாத விமானம்தான் அடுத்தவர் முதலில் கவனிக்கவேண்டியது. பதில் வராத சி.டி.என்., சொல்லாமல் விட்ட திருத்தம், மேகத்துக்காக ஒதுங்கிப் போனவர், இன்னும் ரேடியோவில் வராதவர் இவற்றை எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் ஒவ்வொன்றையும் ஸ்ட்ரிப்பில் விரல் வைத்துத் திருப்பிச் சொன்னபிறகு ஹெட்செட்டைக் கழற்றுங்கள். அதன்பிறகும் சில நிமிடம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பது நல்ல சென்டர்களில் எழுதப்படாத வழக்கம். மறந்துபோன திருத்தம் பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான் நினைவுக்கு வரும்.